மொறிஸ் காருக்கு நான் எழுதிய மூன்று வரி

வாகன மதிப்பீடு செய்யும் தம்பிமாரே, போன கிழமை உங்களில் ஒருவருடைய கந்தோரில் நான் சத்தம் போட்டது உண்மைதான். கிழவனுக்குப் பிரஷர் ஏறிவிட்டது என்று பிறகு நீங்கள் கதைத்ததும் என் காதுக்கு வந்தது. ஏறியதும் உண்மை. ஏன் ஏறியது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

பாலையூற்றிலிருந்து ஒரு தாயும் மகனும் பழைய குடும்பப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். படத்தில் ஒரு கார். அது எந்த வருடத்துக் கார் என்று தெரிந்தால் காணி வழக்குக்கு உதவும் என்று வழக்கறிஞர் சொல்லி அனுப்பியிருக்கிறார். நமது தம்பி வாகன மதிப்பீட்டாளராகி இன்னும் இரண்டு வருடம் முடியவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமலே படத்தை எட்டிப் பார்த்தார். "ஒஸ்டின் ஏ-ஃபோர்ட்டி, ஐம்பத்திரண்டு" என்றார். எழுதிக் கையொப்பமும் வைத்தார். "அவ்வளவுதான் அம்மா, போயிட்டு வாங்கோ."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தாய் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. இவர் கேட்கவும் இல்லை. ஏ-ஃபோர்ட்டி என்றது சரிதான். அது பிழை என்று நான் சத்தம் போடவில்லை. காரைச் சரியாகச் சொல்கிறவன் படத்தைச் சரியாகச் சொல்கிறான் என்று நினைக்கிறீர்களே, அதற்குத்தான் போட்டேன்.

படத்திலுள்ள கார் எப்படியெல்லாம் ஆட்களை ஏமாற்றும் என்பதற்கு முதலில் சிரிப்பான ஒன்றைச் சொல்கிறேன். சல்லியிலிருந்து ஒரு குடும்பமும் நிலாவெளியிலிருந்து இரண்டு குடும்பமும் வெவ்வேறு காலத்தில் என்னிடம் படம் கொண்டுவந்தார்கள். மூன்றிலும் "எங்கட அப்பப்பாவின்ர கார்" என்றார்கள். மூன்றிலும் ஒரே கார்! இடப்பக்க மட்காட்டில், சில்லுக்கு மேலுள்ள தகட்டில், ஒரே நெளிவு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி காரை மரத்துக்குக் கீழே விட்டுவிட்டுக் குளிக்கப் போவாராம். அவர் கடலுக்குள் இறங்கியதும் ஒரு படப்பிடிப்பாளர் முக்காலியோடு வந்து, ஆட்களை வரிசையாகக் காருக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார். மூன்று அப்பப்பாக்களும் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சொந்தக்காரர் மாதிரிக் கதவில் கைவைத்து நின்றார்கள். நான் உண்மையைச் சொன்னதும் சல்லிக் குடும்பத்தார் என்னோடு கோபித்துக்கொண்டு போனார்கள். அதனால் ஒருவருக்கும் ஒரு நட்டமும் இல்லை.

இனிச் சொல்லப்போவது அப்படியல்ல.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு நான் வடமராட்சியிலிருந்து திருகோணமலைக்கு வந்து, ஒரு மோட்டார் கம்பனியின் உதிரிப்பாகக் களஞ்சியத்தில் சேர்ந்தேன். ஐந்தாறு வருடத்தில் எந்தக் காருக்கு எந்த நட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். தூரத்தில் வரும் காரின் சத்தத்தைக் கேட்டே பெயர் சொல்வேன். ஊருக்குள் நல்ல பேர். அந்தப் பேரில் எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

சுதந்திரத்துக்குப் பிறகு பிரசாவுரிமைச் சட்டங்கள் வந்தன. இந்தியாவிலிருந்து வந்து இங்கே வாழ்ந்தவர்கள், இத்தனை வருடம் இந்த நாட்டில் இடைவிடாமல் இருந்தோம் என்று கடதாசி காட்டவேண்டும். காட்டாவிட்டால் அவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் அதே கதிதான்.

கப்பல்துறை என்ற ஊரில் சன்னாசி என்று ஒரு சாரதி இருந்தார். சின்ன வயதில் இராமநாதபுரத்திலிருந்து வந்தவர். கிண்ணியா முதலாளி ஒருவருக்குக் கார் ஓட்டினார். யுத்தத்துக்கு முந்திய வருடங்களுக்கும் பிந்திய வருடங்களுக்கும் அவரிடம் கடதாசி இருந்தது. யுத்த வருடங்களுக்கு இல்லை. முதலாளியின் கடை யப்பான் குண்டு விழுந்த அன்று எரிந்தது, அதற்குள் இருந்த கடதாசிகளும் எரிந்தன. முதலாளியும் பிறகு காலமாகிவிட்டார். அவருடைய மகன் வந்து, "இந்த மனிசன் குண்டு விழுந்த பிறகும் இஞ்சதான் இருந்தவர்" என்று சாட்சி சொன்னார். விசாரணை அதிகாரிக்கு அது போதவில்லை. குண்டுக்குப் பயந்து பலர் இந்தியாவுக்கு ஓடினார்கள், நீயும் ஓடித்தான் திரும்பி வந்திருப்பாய் என்பது அவருடைய எண்ணம். வாய்க்கதை வேண்டாம், அத்தாட்சி வேண்டும் என்றார்.

சன்னாசியிடம் இருந்தது ஒரு குடும்பப் படம். முதலாளியின் காருக்கு முன்னால் நின்று எடுத்தது. பின்னால் தெரிந்தது எங்கள் ஊர்க் கடைத்தெரு, இடத்தில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. கேள்வி காலத்தில்தான். படம் யுத்த காலத்தில் எடுத்தது என்று உறுதியானால் அவருடைய குடும்பம் தப்பும். அதிகாரி அந்தப் படத்தை ஒரு பியூனிடம் கொடுத்து, சன்னாசியையும் கூட அனுப்பி, கார் எந்தக் காலத்தது என்று எங்கள் கம்பனியிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்.

மத்தியானம். களஞ்சியத்தில் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. மனேஜர் படத்தை என் முன்னால் போட்டார்.

"ரெண்டு மணிக்குள்ள பதில் வேணுமாம். உமக்குத்தானே எல்லாக் காரும் தெரியும். எழுதிக் குடும்."

நான் பார்த்தேன். மொறிஸ் எயிற். முகப்பு விளக்குகள் இரண்டும் மட்காட்டுக்குள் பதிந்த சின்னக் கார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கப்பலில் வந்து இறங்கியதைக் கண்ணால் கண்டவன். அந்தக் காருக்கு நான் விற்காத சாமான் இல்லை.

"இது யுத்தம் முடிஞ்சு வந்த கார்" என்றேன்.

சன்னாசி கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றார். நாற்பது வயதிருக்கும். தோய்த்து மினுக்கிய சேட்டுப் போட்டிருந்தார். "இல்லீங்க ஐயா. மட்காட்டு ஓரத்துல வெள்ளை அடிச்சிருக்குது பாருங்க. அது குண்டு போட்ட காலத்துல..."

"கலியாணத்துக்குச் சோடிச்ச காராயிருக்கும். எந்தக் கார் எப்ப வந்தது எண்டு எனக்குத் தெரியும். கொஞ்சம் கதைக்காமல் நில்லுங்கோ, எழுத வேணும்."

என்னை விடப் பதினைந்து வயது மூத்த மனிதர், நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே ஸ்டியரிங் பிடித்திருக்கக்கூடியவர், என் ஒரு சொல்லுக்கு வாயை மூடிக்கொண்டு நின்றார். கம்பனிக் கடதாசியில் மூன்று வரி எழுதினேன். படத்திலுள்ள வாகனம் மொறிஸ் எயிற். இம்மாதிரி வாகனம் யுத்தத்தின் பின்னர் இந்நாட்டுக்கு வந்தது. ஆகவே படம் யுத்தத்தின் பின்னர் எடுக்கப்பட்டது. கையொப்பம், முத்திரை. எல்லாம் ஐந்து நிமிடம்.

அன்று பின்னேரமே சன்னாசியின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அது எனக்கு அடுத்த நாள் தெரியவந்தது. ஓ அப்படியா என்று கேட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன். இதை எழுதும்போது எனக்கு என் கன்னத்திலேயே அறையவேண்டும் போல இருக்கிறது.

நாலைந்து மாதம் கழித்து, எங்கள் கராஜில் ஒரு கறுப்புக் காருக்குப் பெயின்ற் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். பெயின்ற் வேலைக்குத் தலைவரான பாஸ் மூதூர்க்காரர். வேலையில் கெட்டிக்காரர், வாய் அதைவிடக் கெட்டி. கறுப்பைச் சுரண்ட, மட்காட்டின் ஓரம் முழுக்க உள்ளே வெள்ளை வெளிவந்தது. ஒரு கை அகலத்தில், ஒழுங்காக.

"இதென்ன பாஸ், கலியாணக் காரோ?" என்றேன்.

அவர் சுரண்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கலியாணமா? தம்பி எந்த ஊர்? யுத்தக் காலத்தில இந்தத் துறைமுகத்தில ராவில ஒரு வெளிச்சம் காட்ட ஏலாது. காருக்கும் லைற்றைப் பாதி மூட வேணும். இருட்டில ஆக்கள் முட்டுப்படாம மட்காட்டுக்கு வெள்ளை அடிக்கச் சொல்லி ஓடர். நானே எத்தின காருக்கு அடிச்சன். யுத்தம் முடிஞ்ச அண்டைக்கே எல்லாரும் ஓடி வந்து திரும்பக் கறுப்பு அடிச்சாங்க, அந்த வெள்ளையக் காண ஏலாதாம்."

களஞ்சியத்துக்கு ஓடினேன். மொறிஸ் எயிற்றின் பாகப் பட்டியல் புத்தகம் என் மேசையில்தான் இருந்தது. வருடக்கணக்காக நான் தினமும் புரட்டிய புத்தகம். கிளச் எத்தனையாம் பக்கம், பிறேக் எத்தனையாம் பக்கம் என்று பாடம். முதல் பக்கத்தை மட்டும் ஒருநாளும் வாசித்ததில்லை. அன்று வாசித்தேன். அந்த மாதிரிக் கார் யுத்தம் தொடங்குமுன்னே வெளிவந்தது. யுத்தம் முடிந்த பிறகும் அதே உருவத்தில் செய்து அனுப்பினார்கள். நான் கண்டது பிறகு வந்ததைத்தான். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு கண்ட கார் என்பதால் அதற்கு முன் அப்படியொரு கார் இருக்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்!

இந்த ஊரில் குண்டு விழுந்தபோது இருந்த எந்தச் சின்னப் பிள்ளையைக் கேட்டிருந்தாலும் அந்த வெள்ளை என்னவென்று சொல்லியிருக்கும். சன்னாசி கேட்காமலே சொன்னார். வடமராட்சியிலிருந்து வந்த நான், அவருடைய ஊரைப் பற்றி அவருக்கே சொல்லிக் கொடுத்தேன்.

மனேஜரிடம் போய், கடிதம் பிழை, திருத்தி எழுதவேண்டும் என்றேன். அவர் கதிரையில் சாய்ந்தபடியே கேட்டார்.

"எங்கட கம்பனி பிழை விட்டதெண்டு எங்கட கடதாசியிலயே எழுதப் போறீரோ? அலுவல் முடிஞ்சுது. விடும்."

"ஒரு குடும்பத்தின்ர அலுவல் சேர்."

"அதுக்கு நீரோ பொறுப்பு?"

நான்தானே பொறுப்பு! வேறு யார்? அன்றைக்கு அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு முதுகெலும்பு இருக்கவில்லை. வெறும் கடதாசியில் எழுதி, ஒரு சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து, லீவு போட்டுக்கொண்டு விசாரணை அதிகாரியிடம் போனேன். அவர் என் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதில முத்திரை இருக்கு. இதில இல்லை. ரெண்டும் உம்முடைய கையெழுத்து. எதை நான் நம்ப?"

"ரெண்டாவதை, சேர். காரின்ர புத்தகத்தைக் கொண்டு வந்திருக்கிறன். முதல் பக்கத்தைப் பாருங்கோ."

"புத்தகம் பார்க்கிறது உம்முடைய வேலை. அதை அண்டைக்குப் பார்த்திருக்க வேணும்."

புத்தகத்தைத் தொடவே இல்லை அந்த மனிதர். மேன்முறையீட்டுக்கு உரிய காலமும் முடிந்துவிட்டதாம். அவர் மேல் எனக்கு இன்றும் ஆறாத கோபம். ஒரு பிழையான கடிதத்தை ஐந்து நிமிடத்தில் நம்பியவருக்கு, சரியான கடிதத்தை வாசிக்க நேரமில்லை. ஆனால் அவர் சொன்ன கடைசி வாக்கியம் சரியானது.

கப்பல்துறைக்குப் போய்ச் சன்னாசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு ஒரு கதிரையை எடுத்துப் போட்டுவிட்டு அவர் நின்றுகொண்டே கேட்டார். "அன்னிக்கே சொன்னேனுங்க" என்றார், அவ்வளவுதான். அவர் மனைவி பேச்சியம்மா குசினி வாசலில் நின்றவர், முன்னால் வந்து கேட்டார்.

"அந்தப் படத்தயாச்சும் திருப்பித் தருவாங்களா ஐயா?"

"படம் முக்கியமில்லை அம்மா. கடிதத்தை ஏற்க வைக்க வேணும், அதுதான் அலுவல்" என்றேன். மேலும் அரை மணித்தியாலம் என் கடிதத்தைப் பற்றியே பேசினேன். அவர் மறுபடி குசினிக்குள் போய்விட்டார். படம் அதிகாரியின் கோவைக்குள்ளேயே இருந்தது. ஆவணம், தர ஏலாது என்றார்கள்.

அதற்குப் பிறகு நான் எழுதாத கந்தோர் இல்லை. பதில் வந்தது இரண்டு முறை, இரண்டிலும் ஒரே வாக்கியம். நான் களஞ்சியத்தை விட்டு, விபத்து வாகனங்களின் மதிப்பீட்டாளனாகி, கலியாணம் செய்து, வீடு கட்டினேன். சன்னாசிக்குச் சொந்தப் பெயரில் ஒரு வாடகைக் கார் லைசென்ஸ் எடுப்பதும் பாடாக இருந்தது. பிள்ளைகளுக்கு அரசாங்க வேலை என்ற கதையே இல்லை. வழியில் கண்டால் அவர் என்னைக் கும்பிடுவார். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு தெருவால் போன நாட்களும் உண்டு. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, கோழைத்தனம்தான்.

பிறகு இலங்கை, இந்திய அரசாங்கம் இரண்டும் ஒப்பந்தம் செய்து, ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் காலை, சன்னாசி குடும்பம் இந்தியாவுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டுக் கப்பல்துறைச் சந்திக்குப் போனேன். கண்டி வீதி ஓரத்தில் இரண்டு தகரப்பெட்டி, பாய்ச் சுருட்டு. தலைமன்னாரில் கப்பல் ஏறப் பஸ்ஸுக்கு நின்றார்கள். சன்னாசிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அவருடைய பிள்ளைகள் என்னை யாரென்று பார்த்தார்கள். அவர்கள் ஒருவரும் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை.

"என்னை மன்னிக்க வேணும்" என்றேன். பத்து இருபது வருடமாக மனதுக்குள் எழுதி வைத்திருந்த பேச்சில் அது ஒன்றுதான் வாயில் வந்தது.

சன்னாசி பெட்டியின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. பேச்சியம்மாதான் கேட்டார்.

"படம் கெடச்சுதுங்களா?"

"இல்லை அம்மா. கேட்டுப் பார்த்தனான். தர ஏலாதாம்."

"என் மூத்ததோட மொகம் அதுல மட்டுந்தாங்க இருக்கு."

எனக்கு விளங்கவில்லை. மூத்த மகன் அங்கே பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்தேன். பேச்சியம்மா இல்லையென்று தலையை ஆட்டினார்.

"அவனுக்கு முந்தினது. பொம்பளப் புள்ள. படத்துல என் இடுப்புல இருக்கும். குண்டு போட்ட வருசம் இங்கதான் பொறந்திச்சு. ஏழு மாசத்துல காய்ச்சல்ல போயிருச்சு. இங்கதான் பொதைச்சோம்."

"பதிஞ்சனீங்களோ? பிறப்புப் பதிஞ்சனீங்களோ?" என்று கேட்டேன்.

"மொதலாளி கூட்டிட்டுப் போயி பொறப்பு, எறப்பு ரெண்டயும் பதிஞ்சாரு. கடுதாசி நாங்க வச்சுக்கல. செத்த புள்ளயோட கடுதாசிய வச்சு என்ன பண்ண? விசாரணையில உசிரோட இருக்கிற புள்ளைங்க பேரத்தான் கேட்டாங்க. என்னய வெளியில நிக்கச் சொல்லிட்டாங்க. நீங்க வீட்டுக்கு வந்தப்பவும் சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க காரப் பத்தியே பேசிட்டிருந்தீங்க."

பஸ் வந்தது. பெட்டிகளை ஏற்றக் கைகொடுத்தேன். வேறென்ன செய்ய?

அந்தப் படத்தில் எத்தனை பேர் நின்றார்கள் என்று என்னிடம் கேட்டால் அன்றும் தெரியாது, அதற்குப் பிறகும் தெரியாது. ரயரில் எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது என்று சொல்வேன். ஒரு தாயின் இடுப்பில் பிள்ளை இருந்ததைக் காணவில்லை. அதிகாரி காணவில்லை, மனேஜர் காணவில்லை, பியூன் காணவில்லை. அத்தாட்சி அத்தாட்சி என்று கத்தியவர்கள் எல்லாரும் காரையே பார்த்தோம். தம்பிமாரே, அந்தப் பாலையூற்றுத் தாயிடம் "படத்தில் இருப்பது யார் அம்மா?" என்று கேட்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? தேத்தண்ணி ஆறிவிடுமோ?

நான் கப்பல்துறையிலிருந்து நேரே கச்சேரிக்கு, பிறப்பு இறப்புப் பதிவுகள் இருக்கும் அரசாங்கக் கந்தோருக்கு, போனேன். இனிமேல் அது சட்டத்துக்கு உதவாது என்று தெரியும். ஆனாலும் போனேன். யுத்த வருடங்களின் பதிவுப் புத்தகங்கள் அலுமாரியில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. எழுதுவினைஞர் நல்ல பெடியன், அரை மணித்தியாலத்தில் இரண்டையும் எடுத்துவிட்டான். ஒரு பிறப்பு, ஏழு மாதம் கழித்து ஒரு இறப்பு. பிறந்த இடமும் இறந்த இடமும் திருகோணமலை. தகப்பன் சன்னாசி, தொழில் மோட்டார்ச் சாரதி. கைநாட்டு வைத்திருந்தார். விசாரணையில் கடதாசி இல்லை என்று சொன்ன வருடங்களுக்குள் இரண்டு கடதாசி.

பிரதி எடுக்க ஒரு படிவம் தந்தான். பிள்ளையின் பெயர் எழுதினேன், தகப்பனின் பெயர் எழுதினேன். படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினான்.

"ஐயா, என்ன தேவைக்கெண்டு எழுத மறந்திட்டீங்கள்."

பேனையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். "எழுதிப்போட்டு வாங்கோ ஐயா" என்று அவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.